முதலில் வெளியேறச் சொல்லிக்கொடுங்கள்

"முதல்ல மவுஸ் பிடிக்கப் பழகட்டும். கீ கட்டளை எல்லாம் போகப்போகத் தானா வரும்."

திருவனந்தபுரத்தில் கணினி சொல்லிக்கொடுக்கிற யாரிடம் பேச்சுக்கொடுத்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் இந்த வாக்கியம் வந்துவிடும். தமிழில் சொல்வார்கள், மலையாளத்தில் சொல்வார்கள். டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவர் இதையே கொஞ்சம் நாசூக்காக, "புதுசா வர்றவங்களைப் பயமுறுத்தக் கூடாது இல்லையா" என்பார். கரமனைப் பக்கம் ஒரு வாசகசாலையில் ஞாயிறு காலைகளில் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கணினியில் எழுதச் சொல்லிக்கொடுத்துவருகிறேன். ஆரம்பத்தில் நானும் இதைத்தான் சொன்னேன். இரண்டு வருடம் மவுஸ் பிடித்த பிறகும் ஒரு வரியை நகலெடுக்க மேலே போய், மெனுவைத் திறந்து, தேடி, சொடுக்கி, கீழே இறங்கி, மறுபடி மேலே போகிறவர்களைப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. தானாக எதுவும் வரவில்லை. தானாக வரும் என்று யார் எப்போது சோதித்துப் பார்த்தார்கள் என்றும் தெரியவில்லை.

இந்தக் கருத்து வேறு ஏதாவது ஊரில் செல்லுபடியானால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இது திருவனந்தபுரம். 2001 ஜூலை 20 அன்று, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் இந்த ஊருக்கு வந்துதான் இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அந்த மனிதரைத் தத்துவம் பேசுகிறவராக மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவர் முதலில் ஓர் எடிட்டர், அதாவது எழுத்தை அடித்துத் திருத்தும் மென்பொருள், எழுதியவர். 1976இல் எம்.ஐ.டி.யில் பிறந்து, 1985இல் குனூ திட்டத்தின் பகுதியாக வெளிவந்த அந்த ஈமேக்ஸை முழுக்க முழுக்க விசைக் கட்டளைகளாலேயே இயக்கலாம். அதே 2001இல் கேரள அரசு 'ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி ஆய்வகங்கள் குனூ லினக்ஸுக்கு மாறின. 2017இல் அந்தத் திட்டமே 'கைட்' என்ற அரசு நிறுவனமாகி, இன்றும் பூஜப்புரையில் இருந்து இயங்குகிறது. கட்டற்ற மென்பொருளால் 3000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் அந்த நிறுவனம் சொன்ன கணக்கு நாடு முழுவதும் செய்தியானது. காரியவட்டத்தில் ஐசிஃபாஸ் என்று இதற்கென்றே ஓர் அரசு ஆய்வு மையம் இருக்கிறது.

இவ்வளவும் உள்ள ஊரில், பத்தாம் வகுப்பு முடித்து என்னிடம் வரும் பிள்ளை, தவறாக அழிந்துபோன பத்தியை மீட்க கண்ட்ரோலும் இசட்டும் போதும் என்று அறியாமல் அழுகிற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறது. உரிமத்துக்குக் காசு கொடுக்காமல் இருக்க நாம் கற்றுக்கொண்டோம். கருவியைக் கையாளக் கற்றுக்கொண்டோமா என்பது வேறு கேள்வி. நான் பாடத்திட்டத்தைக் குறை சொல்லவில்லை. கேரளத்தின் கணினிப் பாடநூல் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வருகிறது. மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள். பெரிய காரியம் அது. நான் சண்டைக்கு நிற்பது பாடநூலுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்றுகொண்டு "உனக்கு இது வேண்டாம், கஷ்டம்" என்று சொல்லும் அந்த அன்பான குரலோடு.

கஷ்டம் என்கிறார்களே, யாருக்குக் கஷ்டம்?

என் வகுப்பில் வலியசாலையிலிருந்து ஓர் அம்மா வருகிறார். நாகர்கோவிலில் பிறந்து, வடசேரியில் டைப் படித்து, லோயரும் ஹையரும் முடித்து, கல்யாணமாகி இங்கே வந்து ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதை நெருங்குகிறது. அவருடைய பேரன் "பாட்டிக்கு மவுஸ் மட்டும் சொல்லிக்கொடுங்க அங்கிள், போதும்" என்று சொல்லித்தான் விட்டுப்போனான். மவுஸில் அம்மா தவித்துப்போனார். அம்புக்குறியைச் சின்னப் பொத்தானின் மேல் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் கை நடுங்கி வேறெங்கோ போய்விடும். இரட்டைச் சொடுக்கு என்பது அவருக்கு இரண்டு தனித்தனிச் சொடுக்காகவே அமைந்தது. மூன்றாவது வாரம், பொறுமையிழந்து, மவுஸை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, கண்ட்ரோலை அமுக்கிப் பிடித்தபடி எஸ்ஸைத் தட்டச் சொன்னேன். தட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா தம்பி? ஷிப்ட் கீயை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு அடுத்த கீயை அடிக்கது மாதிரிதானே. முப்பது வருசம் அடிச்சாச்சுல்லா."

உண்மையில் இவ்வளவுதான். ஒரு விசையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தட்டுவது கணினிக்காரர்கள் கண்டுபிடித்த மந்திரம் இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒவ்வொரு சிறு நகரத்தின் மாடி அறையிலும் தகரக் கொட்டகையிலும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. எஸ்எஸ்எல்சி முடித்த பெண்கள் காலை ஆறு மணிக்குப் போய் ஏ, எஸ், டி, எஃப் என்று தொடங்கினார்கள். ஆங்கில லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. தமிழ்த் தட்டச்சு அதைவிடச் சிக்கல்: அதில் நகரா விசை என்று ஒன்று உண்டு, அடித்தால் புள்ளி மட்டும் விழும், வண்டி நகராது, அதன் பிறகு எழுத்தை அடித்தால்தான் அது மெய்யெழுத்தாகும். கண்ணால் பார்க்கும் வரிசைக்கும் கை அடிக்கும் வரிசைக்கும் உள்ள இந்த முரணை ஆயிரக்கணக்கான கீழ்நடுத்தர வர்க்கத்துப் பெண்கள் கற்றுத் தேறினார்கள். அவர்களிடம் போய் யாரும் கஷ்டம் என்று சொல்லவில்லை. வேலை வேண்டும், கற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம்தான், கைப்பேசியில் இரண்டு கட்டை விரலால் மின்னல் வேகத்தில் அடிக்கிறவர்களிடம்தான், "இரண்டு விசையைச் சேர்த்து அழுத்துவது சிரமம்" என்கிறோம்.

இங்கேயே சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் வீணை தொடங்குகிற பிள்ளைக்கு சரளி வரிசையில்தான் ஆரம்பம். "முதலில் ரேடியோ பொத்தானைத் திருகட்டும், விரல் தானாக வரும்" என்று எந்த வாத்தியாரும் சொல்ல மாட்டார்.

சரி, எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பயம் என்பது கற்பனையில்லை. விம் என்றால் நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பொடி. நிரலாளர்களிடையே அது ஓர் எடிட்டர். அதன் மூதாதையான வீ-யை 1976இல் பெர்க்லியில் பில் ஜாய் எழுதினார். 1991இல் பிராம் மூலினார் அதை விரித்து விம்மாக வெளியிட்டார். திறந்ததும் எழுத்து அடித்தால் எழுத்து விழாது; ஏதேதோ நடக்கும். எழுத்து அடிக்க ஒரு நிலை, கட்டளை சொல்ல இன்னொரு நிலை. மூடுவதற்கு ஜன்னல் மூலையில் பெருக்கல் குறி இல்லை. விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்று 2012இல் ஒரு நிரலாளர் ஒரு கேள்வி-பதில் தளத்தில் கேட்டார். 2017க்குள் அந்தப் பக்கத்தைப் பத்து லட்சம் முறை பார்த்திருந்தார்கள். அது நிரலாளர்கள் கூடும் தளம். "பார்த்தீர்களா, அவர்களுக்கே இந்தக் கதி" என்று மவுஸ் கட்சி இதைத்தான் காட்டும்.

எனக்கு இந்தத் தகவல் வேறு விதமாகப் படுகிறது. அந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் தேடியது வேகமாக எழுதும் வித்தையை அல்ல. வாசல் எங்கே என்றுதான் தேடினார்கள். அவர்களுக்கு எடிட்டரைக் கொடுத்தவர் உள்ளே போகும் வழியை மட்டும் காட்டி, வெளியே வரும் வழியைச் சொல்லாமல் போய்விட்டார். எஸ்கேப் விசையைத் தட்டி, முக்காற்புள்ளி, கியூ, வியப்புக்குறி, என்டர்: இந்த ஐந்து தட்டலை முதல் நிமிடத்திலேயே சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது. பயத்துக்குக் காரணம் கட்டளை இருப்பது என்கிறார்கள். தப்பிக்கும் கட்டளையைச் சொல்லாமல் விட்டதுதான் காரணம் என்கிறேன் நான். மவுஸ் அந்தப் பயத்தைப் போக்காது. கொஞ்ச நாள் ஒத்திப்போடும்.

இந்த இடத்தில் என் பக்கத்து ஆட்களையும் திட்ட வேண்டியிருக்கிறது. விசைக் கட்டளைக்குக் கொடிபிடிக்கிறவர்கள் செய்யும் முதல் வேலை ஒரு பட்டியல் அச்சடிப்பது. 'தொடக்கநிலையாளர் அறிய வேண்டிய 75 கட்டளைகள்.' கண்ட்ரோல் ஏ-யில் தொடங்கி இசட் வரைக்கும் அகரவரிசை. இந்த வரிசைப்படி கற்றால் தவற்றைத் திருப்பும் கட்டளை கடைசியில் வரும்! நீச்சல் சொல்லிக்கொடுப்பவர் முதலில் பட்டாம்பூச்சி நீச்சலைக் காட்டிவிட்டு, மிதப்பதைக் கடைசி நாளுக்கு வைத்தால் எப்படி இருக்கும்? பட்டியலை ஆய்வகச் சுவரில் ஒட்டுவார்கள். ஒரு வருடத்தில் அதன் மேல் தேர்வு அட்டவணை ஒட்டப்படும். பட்டியலைப் பார்த்து மிரண்ட பிள்ளை மவுஸ் கட்சியில் சேரும். மவுஸ் கட்சிக்கு ஒரு சாட்சி கூடும்.

என் வகுப்பில் வரிசை வேறு. முதல் நாள் மூன்றே விஷயம். தொடங்கியதை நிறுத்துவது, செய்ததைத் திருப்புவது, எழுதியதைச் சேமித்து வெளியேறுவது. சாதாரண எடிட்டரில் எஸ்கேப், கண்ட்ரோல் இசட், கண்ட்ரோல் எஸ். ஈமேக்ஸில் நிறுத்த கண்ட்ரோல் ஜி. சேமிக்க கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் எஸ். வெளியேற கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் சி. கண்ட்ரோல் ஜி-யைப் போல அருமையான விசை வேறு எதிலும் இல்லை என்பது என் சொந்த அபிப்பிராயம். என்ன குளறுபடியில் மாட்டிக்கொண்டாலும் அதைத் தட்டு, தட்டிக்கொண்டே இரு, பழைய இடத்துக்கு வந்துவிடுவாய். அரை மணி நேரம் வேண்டுமென்றே தவறு செய்யச் சொல்கிறேன். முழுப் பத்தியை அழி, மீட்டுக்கொண்டு வா. சேமிக்காமல் மூடு, என்ன கேட்கிறது என்று வாசி. இரண்டாவது ஞாயிறு வரும்போது பிள்ளைகளின் தோள் தளர்ந்திருக்கும். மற்றவையெல்லாம், தேடுவதற்கான கண்ட்ரோல் எஃப், ஷிப்டோடு அம்பு விசை சேர்த்துத் தெரிவுசெய்வது, கண்ட்ரோலோடு அம்பு சேர்த்துச் சொல் சொல்லாகத் தாண்டுவது, வரியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் போக ஹோம், எண்ட், தேவை வரும்போது ஒவ்வொன்றாக வருகின்றன. பத்துக்கு மேல் யாருக்கும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றை யாரும் சரியாகச் சொல்லிக் கேட்டதில்லை. அவர்களுக்காக நானே சொல்லிவிடுகிறேன்: ஒரே விசை ஓர் இடத்தில் ஒரு பொருள், இன்னோர் இடத்தில் வேறு பொருள். கண்ட்ரோல் எஸ் என்றால் சேமிப்பு என்று பழகிய கை, லினக்ஸ் முனையத்துக்குள் (கட்டளைகளை எழுத்தாக அடித்துக் கொடுக்கும் ஜன்னல் அது) ஓடும் எடிட்டரில் அதையே தட்டும். பல முனையங்களில் திரை உறைந்துபோகும். பிள்ளை கணினி கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கும். பழைய தொலைத்தட்டச்சுக் காலத்து வழக்கம் அது. எஸ் என்றால் 'அனுப்புவதை நிறுத்து', கண்ட்ரோல் கியூ தட்டினால் மறுபடி ஓடும். கண்ட்ரோல் இசட் அங்கே தவற்றைத் திருப்பாது, எடிட்டரையே பின்னால் தள்ளி உறங்கவைக்கும். எஃப், ஜி என்று அடித்து என்டர் தட்டினால் திரும்பி வரும். நானோ என்ற எடிட்டரில் கீழே இரண்டு வரியில் கட்டளைகளைக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தொப்பிக் குறி என்றால் கண்ட்ரோல் என்று அந்த வரிகளில் சொல்லியிருக்காது. பிள்ளை தொப்பிக் குறியையே தேடி அடித்துக்கொண்டிருக்கும்.

இதை நான் மறுக்க மாட்டேன். குளறுபடிதான். வீ-யில் கீழே மேலே போக ஜே, கே என்று வைத்தது பில் ஜாயின் கிறுக்கு இல்லை. அவர் வேலைபார்த்த ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற முனையக் கருவியில் அந்த எழுத்து விசைகளின் மேலேயே அம்புக்குறி அச்சிட்டிருந்தது, எஸ்கேப் இன்றைய டேப் இருக்குமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஈமேக்ஸ்காரர்களின் சுண்டுவிரல் வலி உலகப் பிரசித்தம். அது பிறந்த காலத்துப் பல விசைப்பலகைகளில் கண்ட்ரோல், இன்று கேப்ஸ் லாக் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருந்தது. பலகை மாறியது, கட்டளை மாறவில்லை, சுண்டுவிரல் மாட்டிக்கொண்டது. (கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றிக்கொள்ள லினக்ஸில் ஒரே ஓர் அமைப்பு போதும். யாருக்கும் பயன்படாமல் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் விசை அது. எந்த அலுவலகத்திலும் அப்படி ஒருவர் உண்டு.) ஆனால் குளறுபடி இருப்பதால் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்? 'எப்போது' என்ற சொல்லில் குற்றியலுகரம், 'பசு' என்பதில் முற்றியலுகரம் என்று பள்ளியில் படித்த பிள்ளைக்கு, எழுத்து ஒன்றாக இருந்தாலும் இடத்தைப் பொறுத்து வேலை மாறும் என்பது புதிய செய்தி இல்லை. 'நீ இப்போது எந்த வீட்டுக்குள் இருக்கிறாய், முனையமா எடிட்டரா' என்று கேட்டுவிட்டுக் கட்டளை கொடுக்கச் சொன்னால் புரிந்துகொள்கிறது.

அடுத்தது வேகம். இதில் எங்கள் கட்சி ரொம்பப் பொய் சொல்லியிருக்கிறது. விசை வேகம், மவுஸ் மந்தம், அதனால் விசை கற்றுக்கொள் என்பார்கள். ஆப்பிளில் இருந்த புரூஸ் டோக்னாசினி 1989இல் இதற்கு நேர்மாறாக எழுதினார்: சோதனையில் கலந்துகொண்டவர்கள் விசைதான் வேகம் என்று நம்பினார்கள், கடிகாரமோ மவுஸ் வேகம் என்று காட்டியது என்று. மவுஸ் கட்சிக்கு இது வேதம். 1980இல் கார்ட், மோரன், நியூவெல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கொடுத்த கணக்கும் இருக்கிறது. கையை விசையிலிருந்து மவுஸுக்கு மாற்ற 0.4 நொடி. ஒன்றைச் சுட்ட சராசரி 1.1 நொடி. பழகிய தட்டச்சருக்கு ஒரு விசை 0.2 நொடி, விசைப்பலகையே அறியாதவருக்கு 1.2 நொடி. அடுத்து என்ன செய்வது என்று மனம் தயாராக 1.35 நொடி. கூட்டிப் பாருங்கள். கண்ட்ரோல் எஸ், பழகிய கைக்கு அரை நொடிக்கும் குறைவு. மவுஸில் போய் ஒரு பொத்தானைத் தொட்டுத் திரும்ப இரண்டு நொடிக்கு மேல். ஆனால் புதியவருக்கு அதே இரண்டு விசை 2.4 நொடி, எந்த விசை என்று யோசிக்கும் நேரம் தனி. ஆகவே முதல் மாதத்தில் மவுஸ் தோற்காது. ஜெயிக்கவும் கூடும். டோக்னாசினியிடம் சண்டைபோட எனக்கு ஒன்றுமில்லை.

அவர் அளந்தது நொடிகளை. நான் வகுப்பில் பார்ப்பது கண்களை. எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை வாக்கியத்தின் நடுவில் நிற்கிறது. வினைமுற்று இன்னும் வரவில்லை. தமிழ் வாக்கியத்தில் அது கடைசியில்தானே வரும். கை மவுஸுக்குப் போகிறது, கண் மேல் மூலைக்குப் போகிறது, திரும்பி வரும்போது எழுவாய் மறந்துவிடுகிறது. மீண்டும் முதலிலிருந்து வாசிக்கிறது. இரண்டு நொடியை மிச்சம் பிடிப்பது என் நோக்கமில்லை. அந்த வாக்கியம் முடிய வேண்டும்.

தமிழ் என்றதும் இன்னொரு முணுமுணுப்பு வரும். "இந்தக் கட்டளையெல்லாம் இங்கிலீஷுக்கு ஆனது சார். தமிழ் அடிக்கும்போது வேலை செய்யாது." பாதி உண்மை. தமிழ்99 பலகையை இயங்குதளத்தில் வைத்துக்கொண்டு விம்மில் கீழே இறங்க ஜே-யைத் தட்டினால் அது 'ப' என்று போய்ச் சேருகிறது. விம் திருதிருவென விழிக்கிறது. ஈமேக்ஸும் அப்படித்தான். இதற்கான பதில் அந்த எடிட்டர்களுக்குள்ளேயே பல காலமாக இருக்கிறது. ஈமேக்ஸில் கண்ட்ரோலோடு பின்சாய்கோட்டைத் தட்டினால் எழுத்து மட்டும் தமிழாகிறது, கட்டளை கட்டளையாகவே நிற்கிறது. விம்மில் எழுதும் நிலையில் கண்ட்ரோல் 6 அந்த வேலையைச் செய்யும், விசைவரைபடம் ஒன்றை அமைத்துக்கொண்டால். இந்த ஒரு தட்டலைத் தமிழில் எழுதுகிற புதியவருக்கு முதலில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அச்சான எந்தப் பட்டியலிலும் இது முதல் பத்தில் இருக்காது, அவர்களுக்கு இது தேவையில்லை. அந்தப் பட்டியல்களை அப்படியே மொழிபெயர்த்துச் சுவரில் ஒட்டினால் நமக்கு வேண்டியது விட்டுப்போகும்.

இன்னும் சொல்லப்போனால், தமிழைத் திருத்துவதற்கு மவுஸ் சுத்தமாக உதவாது. 'கெ' என்று திரையில் தெரிகிறது. கொம்பு இடப்பக்கம். ஆனால் யூனிகோடில் 'க' முதலில், கொம்பு இரண்டாவது. 'கெ'-யை 'கே' ஆக்க வேண்டுமென்றால் எழுத்துக்குப் பின்னால் நின்று ஒரு பேக்ஸ்பேஸ். பெரும்பாலான எடிட்டர்களில் இடப்பக்கக் கொம்பு மட்டும் மறைந்து 'க' நிற்கும். பிறகு இரட்டைக் கொம்பு. இரண்டே தட்டல். மவுஸ் பழகிய பிள்ளை கண்ணுக்குத் தெரியும் கொம்பைத் தனியாகத் தெரிவுசெய்யப் பார்க்கிறது. அது அகப்படாது. முழு எழுத்தும் சேர்ந்து நீலமாகிறது. சலித்துப்போய் முழுச் சொல்லையும் அழித்து மறுபடி அடிக்கிறது. 'கொ' என்றால் இன்னும் வேடிக்கை: ஒரே பேக்ஸ்பேஸில் இரண்டு பக்கத்துத் துணையும் போய்விடும். டெலிட் விசையோ முன்னால் நின்று அடித்தால் எழுத்தோடு கொம்பையும் சேர்த்து வாரிக்கொண்டுபோகும். எழுத்தும் குறியும் சேர்ந்துதான் உயிர்மெய் என்று ஒன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தோமே, அது இந்த இரண்டு விசையில் கண்முன்னால் நடக்கிறது. வலியசாலை அம்மா இதைப் பார்த்துவிட்டு, "நகரா விசையைத் திருப்பிப் போட்டிருக்கான்" என்றார். இதைவிடச் சுருக்கமாக நான் விளக்கியதில்லை.

"எல்லோருக்கும் மவுஸ்தான் எளிது" என்கிற வாக்கியத்தில் அந்த எல்லோர் யார் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. வழுதக்காட்டில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைக்கு அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரியும்? திரைவாசிப்பான் மென்பொருள்கள், லினக்ஸில் ஓர்க்கா, விண்டோஸில் என்விடிஏ, எல்லாம் விசையால் இயங்குகின்றன. பதினான்கு வயதில் பார்வை போன டி.வி. ராமன், திருவில்வாமலை வெங்கட்ராமன் ராமன் என்று பெயரிலேயே கேரளத்து ஊரைச் சுமப்பவர், 1995இல் ஈமேக்ஸைப் பேசவைத்தார். ஈமேக்ஸ்பீக் என்று அதற்குப் பெயர். ஏன் ஈமேக்ஸ்? அதில் எல்லாமே கட்டளையாக இருந்தது. படம் பார்த்துச் சொடுக்க வேண்டிய எடிட்டராக இருந்திருந்தால் அவருக்குப் பிடி கிடைத்திருக்காது. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு விசை, மற்றவர்களுக்கு மவுஸ் என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தால், அந்த ஒரு பிள்ளை பக்கத்து நாற்காலியில் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட ஆள் இருக்காது. எல்லோருக்கும் விசையில் சொன்னால் எல்லோரும் ஒரே பேச்சைப் பேசுவார்கள்.

தொடுதிரைப் பிள்ளைகள், குரலால் சொன்னால் எழுதிக்கொடுக்கும் செயலிகள், செயற்கை நுண்ணறிவு: இனி விசைப்பலகையே எதற்கு என்பார்கள். இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. அந்த இயந்திரம் எழுதிக்கொடுத்ததில் தப்பு இருந்தால் எங்கே திருத்துவீர்கள்? ஓர் எடிட்டரில்தான்.

மவுஸை நான் விரோதியாக நினைக்கவில்லை. வெட்டு, நகலெடு, ஒட்டு என்ற மூன்றையும் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் 1970களின் நடுவில் உருவாக்கிய லாரி டெஸ்லர், வீ போன்ற நிலைமாறும் எடிட்டர்களைப் பரம விரோதியாகக் கருதியவர். காரின் எண்பலகையிலேயே 'நிலைகள் வேண்டாம்' என்று போட்டுக்கொண்டு திரிந்தவர். புதியவர்களுக்காக அவரைப்போல் கவலைப்பட்டவர்கள் குறைவு. அவருடைய வெட்டும் ஒட்டும் இன்று உலகம் முழுக்க எக்ஸ், சி, வி என்ற பக்கத்துப் பக்கத்து மூன்று விசைகளாகத்தான் கைகளில் தங்கியிருக்கின்றன. படம் வரைய, வரைபடம் பார்க்க, மவுஸ் வேண்டும். எழுத வந்தவரிடம் அதை முதலில் கொடுத்து, அதிலேயே நிற்கவைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

நான் சொல்வது தவறு என்று நினைக்கும் ஆசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இன்று மாலை ஆய்வகத்தில் உங்கள் கணினியின் மவுஸ் வயரைப் பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிடுங்கள். எடிட்டரைத் திறந்து, தமிழில் ஒரு பக்கம் எழுதி, நடுவில் ஒரு பத்தியை மேலே மாற்றி, ஒரு சொல்லைத் தேடித் திருத்தி, சேமித்து, மூடிப் பாருங்கள். எந்த இடத்தில் கை நின்றுபோனது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள். நாளைய வகுப்பை அந்தத் தாளிலிருந்து தொடங்குங்கள்.